வலைக்கல்லும் பிஸ்கட் பெட்டியும்: கீரியில் ஒரு நெருப்புப் பாறையைத் தேடி

இந்தப் பெப்ரவரியில் நான் மன்னாருக்குப் போனது கடல் பார்க்க அல்ல. கழுதைகளையும் அந்தப் பிரம்மாண்டமான பழைய பெருக்கமரத்தையும் படம் எடுக்கவும் அல்ல. ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். பதினான்கு வருடங்களுக்கு முன் நானே 'இது உதவாது' என்று தூக்கிக் கொடுத்த கல் அது.

மன்னார்க் கடலில் எரிவாயு தேடித் துளையிட்ட காலத்தில், படிப்பு முடித்த கையோடு எனக்கு அங்கே ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கடலடியில் இருந்து உருளை உருளையாக வெட்டி எடுத்து வரும் பாறைத் துண்டுகளைக் கழுவி, அளந்து, என்ன பாறை என்று தாளில் எழுதிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒருநாள் நாற்பது சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டு வந்தது. ஒரு பக்கம் கருங்கல் போன்ற எரிமலைப் பாறை, மறுபக்கம் களிப்பாறை, அதாவது பழைய கடற்சேறு ஏடு ஏடாக இறுகிய பாறை. எந்த ஆழத்தில் வெட்டியது என்ற அடையாளம் அதில் அழிந்துபோயிருந்தது. அடையாளம் இல்லாததைக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் 'கருகியது' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் கழிவில் போட்டேன். பெட்டி தூக்க வந்திருந்த, கீரிக் கிராமத்து மீனவர் சூசை அண்ணை, "உதை எனக்குத் தாறீங்களோ தங்கச்சி? வலைக்கு நல்ல பாரம்" என்று கேட்டார். மேலதிகாரியும் தலையாட்டினார். கொடுத்துவிட்டேன்.

முன்பு எழுதிய ஒரு மன்னார்க் குறிப்பில் இந்தக் கதையை இரண்டு வரியில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சூசை அண்ணையின் மகள் ரெனி எனக்கு எழுதினாள். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கும் இறுதியாண்டு மாணவி. நெருப்புக் குழம்பு உள்ளே புகும்போது சுற்றியுள்ள களிப்பாறையும் அதில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் என்ன ஆகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. மாணவர்களுக்கு அந்தக் கடலடிப் பாறை இலேசில் கிடைக்காது. அவள் வீட்டிலோ ஒரு துண்டு வலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கழித்த துண்டைப் பயன்படுத்துவதில் ஆட்சேபனை இல்லை என்று உரிய அரசாங்கக் கந்தோரில் இருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஆனால் கல்லை வெட்ட அப்பா விடமாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை காலை மாதிரிகளைக் காட்டாவிட்டால் அவள் தலைப்பை மாற்ற வேண்டும், எட்டு மாதப் படிப்பு வீண். 'அக்கா, குடுத்தது நீங்கள்தானே. நீங்கள் வந்து கதைச்சால் கேப்பார்' என்று எழுதியிருந்தாள்.

கழித்தவள் நான். போகாமல் எப்படி இருப்பது?

வெள்ளிக்கிழமை காலை 6.40க்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். மன்னார் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, இரண்டரை மணித்தியாலம். டிக்கெட் 330 ரூபாய். என்னோடு ஓர் உரப்பை, அதற்குள் பன்னிரண்டு கிலோவில் ஒரு கருங்கல். பழைய கல்லுக்குப் பதிலாகக் கொடுக்க, வவுனியாக் கல்லுடைக்கும் இடத்தில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. மன்னார்த் தீவு முழுக்க மணலும் சுண்ணாம்பும்தான், பாரமான கல் கிடைப்பது அருமை. அதனால் என் யோசனை மிகவும் கெட்டித்தனமானது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொண்டக்டர் பையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன?"

"கல்லு."

"மன்னாருக்கோ? ஆருக்கு எறியப் போறீங்கள்?"

பஸ் சிரித்தது. பொதிக் கட்டணம் என்று நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

9.20க்கு மன்னார் நகரம். கடலுக்கு நடுவே தீவை இணைக்கும் தாம்போதியைத் தாண்டும்போது இடதுபக்க ஜன்னலும் வலதுபக்க ஜன்னலும் ஒன்றுதான், இரண்டிலும் தண்ணீரும் பறவைகளும். ஆகவே இடத்துக்குச் சண்டை பிடிக்க வேண்டாம். நகரத்தில் நான் தங்கிய அறை 4,500 ரூபாய், மின்விசிறி மட்டும். பெப்ரவரியில் அதுவே போதும். கீரி அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர், ஓட்டோ 500 ரூபாய்.

ஓட்டோ ஓட்டியவர் சிவா, நறுவிலிக்குளத்துக்காரர். பெரும்போக நெல் வெட்டி முடிந்ததால் ஓட்டோவில் இறங்கியிருப்பதாகச் சொன்னார். நான் ஏன் கல்லோடு வந்தேன் என்று விசாரித்தவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கடலுக்கடியில நெருப்புக் குழம்பு கிடக்கெண்டுறது மெய்தானோ மிஸ்? காஸுக்குத் துளை போட்டால் உது எழும்பாதோ?"

"எழும்பாது. அது ஆறிக் கல்லாகிக் கோடிக்கணக்கான வருசம்."

"ஆறின நெருப்பைப் பாத்து ஏன் பிறகு ஆராய்ச்சி?"

நல்ல கேள்வி. இதே கேள்வி உங்களுக்கும் இருக்கும், அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். ஏடு ஏடான களிப்பாறைக்குள் பழைய காலத்துக் கடலுயிர்களின் மிச்சம் அகப்பட்டுக் கிடக்கிறது. ஆழத்தின் சூட்டில் அது மெல்ல மெல்ல வெந்து எண்ணெயாகும், இன்னும் சூடேறினால் வாயுவாகும். அதற்கு இலட்சக்கணக்கான வருடங்கள் வேண்டும். இடையில் நெருப்புக் குழம்பு அடுக்கிய பாய்களுக்குள் தண்ணீர் புகுவதுபோல ஏடுகளுக்கு நடுவே புகுந்தால், எல்லாம் அவசரச் சமையல்தான். ஒட்டியிருக்கும் பகுதி கரியாகிவிடும். சற்றுத் தள்ளி இருப்பது வெந்து வாயுவைக் கொடுக்கும். இன்னும் தள்ளிப் போனால் சூடே பட்டிருக்காது. குழம்பு இறுகிய பிறகு, சில இடங்களில் வாயு தப்பாமல் மூடியாக நிற்கும். சில இடங்களில் ஆறும்போது வெடித்து, வாயு ஓடிப்போக அதுவே வழியும் விடும்.

"அப்ப நெருப்பு நல்லதோ கெட்டதோ?" என்றார் சிவா.

"எவ்வளவு தூரத்தில் நிக்கிறம் எண்டதைப் பொறுத்தது."

"சோத்துப் பானை மாதிரி" என்று முடிவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அடிப்பிடித்தது வேறு, வெந்தது வேறு. பதினான்கு வருடங்களுக்கு முன் எனக்கு அது விளங்கவில்லை. எரிமலைப் பாறையைக் கண்டதும் பானை முழுக்க அடிப்பிடித்துவிட்டது என்று எழுதிவிட்டேன்.

கீரிக்குப் போனால் கல் அங்கே இல்லை. அன்று விடியற்காலை இறக்கிய வலையோடு கடலில் கிடக்கிறது, சனி காலையில்தான் வரும். சூசை அண்ணை என்னைக் கண்டதும் சந்தோசமாக வரவேற்றார். கதிரை எடுத்துப் போட்டார், இளநீர் வெட்டினார். கல்லைப் பற்றி வாய் திறந்ததும் முகம் மாறியது.

"உங்களைக் குறை சொல்லேல்ல தங்கச்சி. மகள் படிக்கிறது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கல்லை வெட்டேலாது. இரும்பு நங்கூரம் கடலடிப் பாறைப் பாரில கொழுவிக்கொண்டு வராது, கயித்தை அறுக்கவேண்டி வரும். இது உருளைக் கல்லு, வழுக்கிக்கொண்டு வரும். போட்ட இடத்தில கிடக்கவும் கிடக்கும். ஒருக்கால் கச்சான் காத்தில பக்கத்து வலையெல்லாம் அள்ளுப்பட்டுப் போச்சு. என்ர வலை மட்டும் போட்ட இடத்தில கிடந்தது."

நான் உரப்பையை அவிழ்த்து என் கல்லைக் காட்டினேன். அவர் மரியாதைக்குத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கல்லுதான்" என்றார். "நாலு மூலை கிடக்கு. கயித்தைத் தின்னும்." பிறகு மெதுவாக, "அதோட, என்ர கல்லு படகு மந்திரிச்ச அண்டு சுவாமியார் தீர்த்தம் தெளிச்ச கல்லு" என்றார். மந்திரிப்பது என்றால் இங்கே கத்தோலிக்கர்களிடம் ஆசீர்வதிப்பது. புதுப் படகு முதல் தடவை கடலுக்குப் போகும் முன் குருவானவர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். படகுக்குள் இருந்த வலை, கயிறு, கல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

ரெனி மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒல்லியான பிள்ளை, விறுவிறு என்று பேசுவாள், ஆனால் தகப்பனுக்கு முன்னால் மட்டும் சொல் எண்ணிப் பேசினாள். பின்னேரம் இருவரும் கரையில் நடந்தோம். சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம் கீரிக் கடற்கரை அழகு, கூட்டமும் இல்லை. எனக்குத்தான் ரசிக்க மனமில்லை. நான் எழுதிய அந்த ஒரு சொல்லை அவளிடம் சொன்னேன்.

"தெரியும் அக்கா, நீங்கள் எழுதினதில வாசிச்சனான்" என்றாள். "அந்தக் காலத்தில கனபேர் அப்பிடித்தான் நினைச்சவை. நான் கேக்கிறது, கருகினது எவ்வளவு தூரம், அங்கால என்ன எண்டுறதுதான். அதுக்குக் கல்லின்ர ரெண்டு முனையும் வேணும்."

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட எவ்வளவோ அதிகம். களிப்பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத நிலக்கரித் துணுக்குகள் இருக்குமாம். சூடு பட்டது கூடக் கூட அவை நுண்காட்டியில் பளபளப்பாகத் தெரியுமாம். கடலில் ஊறினாலும் அந்தப் பளபளப்பு மாறாது என்றாள். ஆழம் தெரியாவிட்டால் என்ன, எரிமலைப் பாறையில் இருந்து எத்தனை விரல் தூரம் என்பதுதான் கணக்கு என்றாள். நான் எதற்காக அதைக் கழித்தேனோ, அது அவளுக்கு ஒரு குறையே இல்லை.

சனி காலை 6.30க்கு நாங்கள் கரையில் நின்றோம். ஏழு மணிக்குச் சற்று முன் படகு வந்தது. சூசை அண்ணை வலையை இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியாகக் கல்லைத் தூக்கி மணலில் வைத்தார். பதினான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். வழவழப்பாக, பாசி பிடித்து, நடுவில் கயிறு தேய்த்த பள்ளத்தோடு இருந்தது. ஆனால் கட்டையாக இருந்தது.

ரெனி அளவுகோலை எடுத்தாள். எரிமலைப் பாறை பதினேழு சென்ரிமீற்றர். அதோடு ஒட்டிய களிப்பாறை பதினொன்று. அவ்வளவுதான். நான் கொடுத்த நாற்பதில் பன்னிரண்டு காணவில்லை.

எனக்கு உடனே விளங்கியது, அவளுக்கு என்னைவிட முதலே. களிமண்ணைச் சூளையில் சுட்டால் செங்கல், சுடாவிட்டால் வெறும் மண். நெருப்புக்குக் கிட்ட இருந்த பகுதி சுடுபட்டு இறுகியதால் நின்றுவிட்டது. தள்ளி இருந்த பகுதி நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து உதிர்ந்துபோய்விட்டது. மிச்சம் இருப்பது அடிப்பிடித்த பகுதி மட்டும்தான், அதோடு ஒப்பிட எதுவும் இல்லை.

ரெனி அழவில்லை. அளவுகோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சூசை அண்ணை மகளின் முகத்தையே பார்த்தார். வலையைக் கூடத் தொடவில்லை.

"சரி, வெட்டு பிள்ளை" என்றார் கடைசியில். "கல்லு எங்கையாவது தேடுவம்."

"வேண்டாம் அப்பா. இனி வெட்டியும் பிரயோசனமில்லை. எனக்குத் தேவையான பக்கம் இதில இல்லை."

அந்த மனிதர் அவ்வளவு பெரிய மனதோடு கொடுத்ததும் வீணாகியது. எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்தோம். ரெனியின் அம்மா லூர்தம்மா அக்கா தேத்தண்ணியும் பாணும் சம்பலும் வைத்துவிட்டு, மாதா, புனிதர் சுரூபங்கள் இருக்கும் சுவர்த்தட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். விபூதிப் புதன் கிட்டிவிட்டது. போன வருடக் குருத்து ஞாயிறில் மந்திரித்த ஓலைகளைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், அவற்றை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள். மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்து காய்ந்த ஓலைகளை உருவினார். அவற்றோடு ஒரு தகரப் பிஸ்கட் பெட்டியையும் இறக்கி மேசையில் வைத்தார். பெட்டி கலகலவென்றது.

"உதுக்குள்ள என்னக்கா?"

"அதுவோ? உங்கட கல்லுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து முத்தத்தில சாக்கில காயப்போடேக்க உதிரும். மந்திரிச்ச பொருள் பிள்ளை, கூட்டி எறியலாமோ? கால்படக்கூடாதெண்டு பொறுக்கிப் பொறுக்கி வைச்சிருக்கிறன்."

ரெனி கோப்பையை மேசையில் வைத்தாள். "எங்களுக்குச் சொல்லேல்லையே அம்மா!"

"நீங்கள் ஆர் கேட்டனீங்கள்? வெட்டுறதோ விடுறதோ எண்டு தேப்பனும் மகளும்தானே சண்டை."

பெட்டிக்குள் கடதாசிப் பொட்டலங்கள், எண்ணிப் பார்த்தால் பதினேழு. ஆசை அவசரத்தில் நான் முதலாவதைப் பிரித்து, கறுத்த சில்லுகளை உள்ளங்கையில் கொட்டி, கடதாசியைக் கசக்கி ஒரு பக்கம் போட்டேன். அடுத்ததைப் பிரிக்கப் போக, ரெனி என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அக்கா! தாளைப் பாருங்கோ!"

நாட்கலண்டரில் கிழித்த தாள்கள் அவை. ஒவ்வொரு தடவையும் உதிர்ந்ததை லூர்தம்மா அக்கா அன்றைய தாளிலேயே சுற்றியிருக்கிறார். அவருக்கு அது கைக்கு அகப்பட்ட கடதாசி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் வருடம், மாதம், திகதி. முதலில் உதிர்ந்தது நெருப்பில் இருந்து ஆகத் தூரத்தில் இருந்த முனை. கடைசியில் உதிர்ந்தது ஆகக் கிட்ட இருந்த பகுதி. திகதிப்படி அடுக்கினால் காணாமற்போன பன்னிரண்டு சென்ரிமீற்றரும் வரிசையாக வந்து நிற்கும். கடலுக்குள் விழுந்தது போகட்டும், இது போதும்.

அடையாளம் இல்லை என்று கல்லைக் கழித்தவள் நான். இப்போது அடையாளத்தையே கசக்கி எறிந்துவிட்டேன். ஒரே பிழையை ஒரே கல்லில் இரண்டு தடவை விட எத்தனை பேரால் முடியும்? கசக்கிய தாளை எடுத்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினேன். வெட்கமாக இருந்தது.

பத்தரை மணிவரை பெண்கள் மூவரும் பொட்டலங்களை அடுக்கினோம். சூசை அண்ணை தானே உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, களிப்பாறைப் பக்கத்தில் மூன்று இடங்களில் நகமளவு சில்லுத் தட்டிக் கொடுத்தார். "இவ்வளவு காணுமோ? கல்லு நோகாது" என்றார். பிறகு அதைப் பழையபடி கயிற்றில் கட்டினார்.

ரெனி பல்கலைக்கழகப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். 'மாதிரி சேகரித்தவர்' என்று ஒரு கட்டம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கே என் பெயர் வரும் என்று ஒரு கணம் நினைத்தேன். கடலில் இருந்து வந்த துண்டை முதலில் கையில் வாங்கியவள் நான்தானே. அவள் யோசிக்கவே இல்லை. தன் அம்மாவின் முழுப் பெயரை எழுதினாள். 'சேகரித்த முறை' என்ற இடத்தில், 'முற்றத்தில் உதிர்ந்தவை, உதிர்ந்த நாளிலேயே பொறுக்கப்பட்டவை' என்று எழுதினாள். லூர்தம்மா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ர பேர் ஏனடி உதில?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓலைகளைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் 2.15 பஸ்ஸில் நான் திரும்பினேன். கருங்கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சூசை அண்ணை அதைக் கிணற்றடியில் கால் தேய்க்கப் போட்டிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம், கடல் அமைதி. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். படகு வருவதைப் பார்க்க ஆறரைக்குக் கரையில் நில்லுங்கள், எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். மீனவர்களைக் கேட்டுவிட்டே படம் எடுங்கள். மறிச்சுக்கட்டிப் பக்கம் போய் வில்பத்துக் காட்டோரம் பார்க்க ஆசைப்பட்டால் தனி நாள் ஒதுக்குங்கள், நாற்பது ஐம்பது கிலோமீற்றர் தெற்கே. இரண்டு நாளைக்கு எனக்குச் சாப்பாட்டோடு மொத்தம் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. கடலடி நெருப்புப் பாறையைக் காட்டும் சுற்றுலா எதுவும் அங்கே இல்லை, தேடிப் போய் ஓட்டோக்காரரைக் கஷ்டப்படுத்த வேண்டாம். கல் கொண்டு போகவும் வேண்டாம்.

நேற்று ரெனியிடம் இருந்து செய்தி வந்தது. தலைப்பை மாற்றவில்லை. ஐந்து பொட்டலங்களை அரைத்து நுண்காட்டியில் பார்த்துவிட்டாளாம். 'அக்கா, கருகினது கல்லோட நிண்டிட்டுது. அம்மா பொறுக்கினதில ஒண்டும் கருகேல்ல. கடைசிப் பொட்டலங்கள் வாயு குடுக்கிற அளவுக்கு வெந்திருக்கு, முதல் பொட்டலம் சூடே படாதது.' ஒரு துண்டை வைத்து முழுக் கடலுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருந்தாள். அதை எனக்காகத்தான் எழுதியிருப்பாள். நான் அந்தச் செய்தியை மூன்று தடவை வாசித்தேன். மனம் நிறைந்திருந்தது.

கீழே இன்னொரு வரி இருந்தது: 'அம்மா கேக்கிறா, அரைச்ச தூளை எறிஞ்சு போடாமல் எப்ப கொண்டுவாறாய் எண்டு. பெட்டியைக் கழுவிக் காயவைச்சிருக்கிறாவாம்.'